ரெண்டு கேம்ஷாஃப்ட், ஒரு கை

ஜனவரி 6

மாமாவுக்கு,

மாமான்னு ஆரம்பிக்கலாமான்னு கொஞ்ச நேரம் யோசிச்சேன். அக்கா உங்க வீட்டை விட்டு வந்து எட்டு மாசம் ஆகப்போகுது. இனி நீங்க எனக்கு என்ன முறைன்னு யாரும் சொல்லித் தரலை. 'ஐயா'ன்னு எழுதினா மின்சார ஆபீஸ் நோட்டீஸ்னு நெனச்சுப் பிரிக்காமலே ஆணியில குத்தி வச்சிடுவீங்க. அதனால மாமாவே இருக்கட்டும்.

ரெண்டு தடவை பட்டறைக்குப் போன் பண்ணேன். ரெண்டு தடவையும் 'யாரு, யாரு, கொஞ்சம் சத்தமா'ன்னு கேட்டுட்டு வச்சிட்டீங்க. நான் கத்தின கத்துல பூத்துக்காரர் வந்து என்னை முறைச்சார். லைன் கோளாறு போல. அதான் கடிதம்.

இது என் எழுத்து இல்லைன்னு பார்த்ததும் தெரிஞ்சிருக்கும். கையில போட்ட கட்டு பிரிச்சாச்சு. விரல் இன்னும் கொஞ்சம் மடங்க மாட்டேங்குது, அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல அக்கா எழுதுறா. அவ எனக்காகத்தான் எழுதுறா, உங்களுக்கு எழுதலை. இதையும் எழுதிக்கோன்னு அவளே சொல்லி அவளே எழுதிட்டா.

விஷயத்துக்கு வர்றேன். வண்டி என்கிட்ட இருக்கு, இன்ஜின் உங்ககிட்ட இருக்கு. இப்படியே எத்தனை நாளைக்கு? ஏப்ரல் கடைசியில மலைப்பாதைப் பந்தயம் வருது. ஒவ்வொரு வண்டியா அடிவாரத்துல இருந்து உச்சி வரைக்கும் விடுவாங்களே, அதுதான். பேர் குடுத்துட்டேன். பேக்கரி வேனை இப்போ வேற ஆள் ஓட்டுறான். என்னை உள்ள ரொட்டி பாக்கெட் போடுற மேசையில உட்கார வச்சிருக்காங்க. முதலாளி நல்லவர்தான், 'கை சரியாகட்டும்'னு சொல்றார். ஆனா எனக்கே வேன்ல ஏறினதும் இறங்கிடத் தோணுது. ஒரே ஒரு தடவை மேல வரைக்கும் ஓட்டிட்டேன்னா போதும் மாமா. வேன் சாவியைக் குடுங்கன்னு கேட்க வாய் வரும்.

அதனால இன்ஜினை முடிச்சுக் குடுங்க. ஒண்ணே ஒண்ணு. கேம்ஷாஃப்ட் மட்டும் பந்தயக் கேம் வேண்டாம். கீழ இருந்தே, இன்ஜின் மெதுவாச் சுத்தும்போதே இழுக்கிற சின்னக் கேமா போடுங்க. ஊருக்குள்ளயும் ஓட்டணும் இல்லையா.

உடம்பைப் பார்த்துக்கோங்க.

மாப்பிள்ளை


ஜனவரி 14

மாப்ளே,

கடிதம் வந்துச்சு. எழுத்து எனக்கு அடையாளம் தெரியாதாக்கும்? பன்னெண்டு வருஷம் என் பட்டறையில பில் போட்ட எழுத்து. நீ எழுதியிருந்தா நானே படிக்க ஒரு நாள் ஆகியிருக்கும், பீச்சாங்கைக்காரா. ஒரு வகையில நல்லதாப் போச்சு.

இருக்கேன். மாடிக்கு ஏறுறதில்லை, கீழேயே பெஞ்சுக்குப் பக்கத்துல கட்டிலைப் போட்டுக்கிட்டேன். ரொட்டி, முட்டை, டீ. இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்ன வேணும்? போன் விஷயம் லைன் கோளாறுதான். எழுதிக் குடுத்து மூணு மாசமாச்சு, வந்து எட்டிப் பார்க்க மாட்டேங்கிறான்.

இன்ஜின் ஸ்டாண்டுல போர்வை போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்கு. நீ கேட்குறதுக்கு முன்னாடியே பிஸ்டன் நாலும் மாத்தியாச்சு. வால்வு உட்காருற இடமெல்லாம் புதுசா வெட்டியாச்சு, கனமான ஸ்ப்ரிங் போட்டாச்சு. வேற வேலை என்ன எனக்கு? கேம்ஷாஃப்ட் ஒண்ணுதான் பாக்கி.

அதுல வந்து நீ சின்னக் கேம் கேட்கிறியே, உனக்கே இது நியாயமா இருக்கா? இன்ஜினுக்கு மூச்சே கேம்ஷாஃப்ட்தான்டா. வால்வு எப்போ வாயைத் திறக்கணும், எவ்வளவு நேரம் திறந்து வச்சிருக்கணும்னு சொல்றது அந்தத் தண்டுதான். நீ கேட்கிறது சீக்கிரம் வாயை மூடிடும். கீழ நல்லா இழுக்கும், ஒத்துக்கிறேன். நிமிஷத்துக்கு அஞ்சாயிரம் சுத்துக்கு மேல போனா மூச்சு முட்டி நிக்கும். பெரிய கேம் அப்படியில்ல. நாலாயிரம் வரைக்கும் தூங்குற மாதிரி நடிக்கும், அதைத் தாண்டினதும் உன் முதுகு சீட்டுல ஒட்டிக்கும். நின்ன இடத்துல வண்டி குலுங்கும் பாரு. ஒரே சீரா ஓடாது, விட்டு விட்டுத் துடிக்கும். பெஞ்சுல கை வச்சா முழங்கை வரைக்கும் ஏறும். அதுதான்டா இன்ஜின்.

இத்தனை வருஷம் இதுக்குத்தானே ஏங்கினோம். நல்ல சிலிண்டர் ஹெட்டு, நல்ல பிஸ்டன், எல்லாம் போட்டுட்டு அதுக்கு மேல பேக்கரி வேன் கேமா? ஊருக்குள்ள ஓட்டணுமாம். ஊருக்குள்ள ஓட்டச் சைக்கிள் இருக்கு.

உண்மையைச் சொல்லு. பயந்துட்டியா?

மாமா


ஜனவரி 24

மாமாவுக்கு,

பயமெல்லாம் இல்லை. இருந்தாலும் உங்ககிட்ட சொல்ல மாட்டேன், சொன்னா ஊரெல்லாம் தமுக்கடிப்பீங்க.

பாதையை நெனச்சுப் பாருங்க. கொண்டை ஊசி வளைவு வரிசையா வருது. பெரிய கேம்னா வளைவுக்கு முன்னாடி ஒரு தடவை கியர் இறக்கணும், வெளியே வந்ததும் ஒரு தடவை ஏத்தணும். சுத்து கொஞ்சம் இறங்கினாலும் இன்ஜின் செத்த மாதிரி கிடக்கும். சின்னக் கேம்னா ரெண்டாம் கியர்ல போட்டுட்டு அப்படியே ஏறிடலாம். கியர் மாத்துற நேரமெல்லாம் மிச்சம். அந்தக் கணக்குதான், வேற ஒண்ணும் இல்லை.

உங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னா ரெண்டு கேமோட நம்பரும் எழுதி அனுப்புங்க. நானே பார்த்துச் சொல்றேன்.

உங்க கட்டில் விஷயம் படிச்சேன். பெஞ்சுக்குப் பக்கத்துல கிரீஸ் வாடையில எப்படித் தூக்கம் வருது?

மாப்பிள்ளை

(பக்கத்துல இடம் மிச்சம் இருக்கு, அதனால எழுதுறேன். மாடிக்குப் போறதே இல்லைன்னா மேல இருக்கிற தண்ணித் தொட்டியை யார் பார்க்கிறது? மூடி சரியா உட்காராதுன்னு உங்களுக்கே தெரியும். இதை அவன் சொல்லலை. - எழுதினவள்)


பிப்ரவரி 2

மாப்ளே,

முதல்ல உங்கக்காகிட்ட சொல்லு. மேல ஏறித் தொட்டியைப் பார்த்தேன். மூடி கவுந்து கிடந்தது. உள்ள புறா குடியிருந்திருக்கு, அது உயிரோட பறந்து போச்சு. தொட்டியைத் தேய்ச்சுக் கழுவிட்டேன். இத்தனை நாள் அந்தத் தண்ணியிலதான் டீ போட்டுக் குடிச்சிருக்கேன். சாகலை.

நம்பர் கேட்டே. இந்தா.

ரெண்டு கம்பெனி கேட்டலாக்கையும் எதிர்ல விரிச்சு வச்சுக்கிட்டுத்தான் எழுதுறேன். நீ கேட்கிற சின்னக் கேம் வால்வைத் திறந்து வச்சிருக்கிறது 264 டிகிரி. பெரிசு பெரிசுன்னு நீ அலறுறியே, அது எவ்வளவு தெரியுமா? 256. அச்சுல அப்படித்தான் போட்டிருக்கான், என் இஷ்டத்துக்கு நான் எழுதலை. பார்த்தியா, சொல்லப்போனா உன்னோடதுதான் பெரிசு. வால்வை உசரமாத் தூக்குறதால பேர் மட்டும் பந்தயக் கேம்னு வந்துடுச்சு, மத்தபடி சாது.

அதனால மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. 256-ஐ வரவழைச்சுடுறேன். சரின்னு ஒரு வார்த்தை எழுது, போதும். மார்ச்ல மாட்டிடலாம்.

கிரீஸ் வாடை எனக்கு ஒண்ணும் பண்ணாது. பகல்ல வேலை செஞ்ச அலுப்பு, படுத்தா எழுந்திரிக்கக் காலையாயிடும். அலாரம் வச்சா அடிக்கவே மாட்டேங்குது. ரெண்டு அலாரம் மாத்திட்டேன், எல்லாம் போலிச் சரக்கு.

மாமா


பிப்ரவரி 11

மாமாவுக்கு,

நம்பர் பார்த்தேன். 256-தான் சின்னதுன்னா அப்புறம் நான் என்ன சொல்றது? உங்களுக்குத் தெரியாததா. வரவழைங்க. எதுவா இருந்தாலும் ஓட்டிக்கிறேன். வண்டி ஏறினா சரின்னு ஆயிடுச்சு எனக்கு.

மாப்பிள்ளை

அவன் சொன்னது அவ்வளவுதான். உறையில போட்டு ஒட்டிடுன்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டான். நான் ஒட்டலை. இனிமே இது நான்.

உங்களுக்கு வெட்கமா இல்லையா?

அந்தக் கேட்டலாக்கையெல்லாம் அலமாரியில அடுக்கி வச்சவ நான். வர்றவங்களுக்கு அதைப் பார்த்துச் சாமான் எடுத்துக் குடுத்தவ நான். 264-னு போட்டிருக்கிற நீல அட்டைக்காரன் வால்வு அசைய ஆரம்பிச்ச நிமிஷத்துல இருந்து அளப்பான். சிவப்பு அட்டைக்காரன் வால்வு ஒரு மில்லிமீட்டர் தூக்கின பிறகுதான் அளக்கவே ஆரம்பிப்பான். ஒருத்தன் தெருக்கதவுல இருந்து வீட்டை அளந்தான், இன்னொருத்தன் கூடத்துல இருந்து அளந்தான். ரெண்டையும் பக்கத்துல வச்சு 'இதுதான் சின்ன வீடு'ன்னு சொல்வீங்களா? அந்த 256-ஐ நீல அட்டைக்காரன் அளந்தா முந்நூறுக்குப் பக்கத்துல வரும். அவனுக்கு இது தெரியாது, அவன் வண்டி ஓட்டத்தான் தெரிஞ்சவன். அவனை ஏமாத்திடலாம்னு நெனச்சீங்க. பேனா யார் கையில இருக்குன்னு மறந்துட்டீங்க.

இப்போ கையைப் பத்திச் சொல்றேன். 'கொஞ்சம் மடங்க மாட்டேங்குது'ன்னு எழுதச் சொன்னான், எழுதினேன். சட்டை பட்டன் நான்தான் போட்டு விடுறேன். கடைசி ரெண்டு விரல்ல உணர்ச்சியே இல்லை. போன வாரம் பேக்கரியில சூடான தட்டைப் பிடிச்சிருக்கான், பக்கத்துல இருந்த பொண்ணு கத்தின பிறகுதான் விட்டிருக்கான். இடது கைதான் அவனுக்கு எழுதுற கை. கியர் போடுற கையும் அதுதான்.

தினமும் சாயங்காலம் ஷெட்டுக்குப் போய் அந்த இன்ஜின் இல்லாத வண்டியில உட்கார்ந்துக்கிறான். கியர் போட்டுப் பார்க்கிற சத்தம் எனக்கு அடுப்படியில கேட்கும். ரெண்டு, மூணு, மறுபடி ரெண்டு. அப்புறம் நின்னுடும். உள்ள வந்து ஒண்ணும் நடக்காத மாதிரி டீ கேட்பான். அதனாலதான் சின்னக் கேம் கேட்டான். வளைவுக்கு வளைவு கியர் மாத்த அவன் கை கேட்காது. பாதி மலையில கை நழுவினா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டியதில்லை.

எழுத ஆரம்பிச்சாச்சு, முழுசா எழுதிடுறேன். இன்ஜினை இறக்கின அன்னிக்கு அவன் கத்தினது மாடியில எனக்குக் கேட்டுச்சு. குழாய்ல தண்ணி ஓடிக்கிட்டிருந்தது, அதையும் மீறிக் கேட்டுச்சு. நீங்க கை நீட்டினா தொடுற தூரத்துல, இன்ஜின் தொங்கின செயினைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. கை இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவுல இருந்தது, நீங்க இறக்கிக்கிட்டே இருந்தீங்க. அப்புறம் டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க? 'அவன் கத்தவே இல்லை டாக்டர்.' கட்டில்ல கிடந்தவன் அதைக் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தான். நான் வீட்டை விட்டுக் கிளம்பினது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

உங்க காதைப் போய்க் காட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். 'எனக்கென்ன கேடு'ன்னு ஒவ்வொரு தடவையும் சிரிச்சீங்க. பன்னெண்டு வருஷம் கத்திக் கத்தி என் தொண்டை போச்சு. அக்கம்பக்கத்துல எல்லாரும் நான் சண்டைக்காரின்னு நெனச்சாங்க. நீங்களும் அப்படித்தான் நெனச்சீங்க. சாப்பிட வாங்கன்னுதான் கத்தினேன்.

எனக்கு அலுத்துப் போச்சு. அவனை மட்டும் ஏமாத்தாதீங்க.


பிப்ரவரி 19

மாப்ளே,

உங்கக்கா எழுதினதைப் படிச்சேன். பதில் உனக்குத்தான்.

நம்பர் விஷயம் தப்பு. அதை விடு.

கை இவ்வளவு மோசம்னு நீ ஏன் சொல்லலை? முதல் கடிதத்துல அவ்வளவுதான்னு எழுதினதோட சரி.

ஆனா ஒண்ணு. எனக்குக் காது நல்லாத்தான் கேட்குது. அன்னிக்கு நீ கத்தலை. கத்தியிருந்தா நிறுத்தியிருப்பேன். உன் கையை நசுக்குறவனாடா நான்? உன்னைப் பக்கத்துல உட்கார வச்சு ஓட்டச் சொல்லிக் குடுத்தவன் நான். நீ கத்தினே, நான் கேட்டுட்டுச் சும்மா நின்னேன்னு அவ நெனச்சா நெனச்சுக்கட்டும். நீயும் அப்படியா நெனைக்கிறே?

மாமா


பிப்ரவரி 27

மாமா

இது நான் சோத்தாங்கையால எழுதுறேன். கோணல் மாணலா இருக்கும். அக்காவுக்குத் தெரியாது.

நான் கத்தினேன். மூணு தடவை. ரெண்டு தடவை நிறுத்துங்கன்னு. மூணாவது தடவை மாமான்னு மட்டும்தான் வந்துச்சு.

நீங்க வேணும்னே பண்ணினீங்கன்னு ஒரு மாசம் நெனச்சேன். அதுக்கு முந்தின நாள் நாம வாய்ச்சண்டை போட்டிருந்தோம் இல்லையா. அப்புறம் அப்படி நெனைக்கிறதை விட்டுட்டேன். நெனச்சா தூக்கம் வரலை.

எனக்கு யார் மேலயும் கோபம் இல்லை. அலுப்பாத்தான் இருக்கு. இன்ஜினை வேற யாருக்காவது குடுத்துடுங்க. அடுத்த மாசக் கடைசியில போய்ப் பேரை வாபஸ் வாங்கிடுறேன். கை வலிக்குது, நிறுத்திக்கிறேன்.


மார்ச் 9

மாப்ளே,

உன் கோணல் எழுத்து வந்து சேர்ந்தது. பர்ஸுல வச்சிருக்கேன்.

அதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் பட்டறையைத் திறக்கலை. மூணாம் நாள் பக்கத்துக் கடைத் தையல்காரரைக் கூப்பிட்டேன். 'நான் இப்படித் திரும்பி நின்னு அரம் போட்டுக்கிட்டு இருப்பேன். நீங்க எனக்குப் பின்னாடி, இதோ இந்தத் தூரத்துல நின்னு கத்துங்க. ரெண்டு தடவை நிறுத்துங்கன்னு கத்தணும். மூணாவது தடவை மாமான்னு கத்தணும்'னேன். 'உனக்கு என்னய்யா ஆச்சு, நான் உன்னைவிட மூத்தவன்'னு எதிர்ல நின்னு சத்தமாச் சொல்லி முதல்ல மாட்டேன்னார். நச்சரிச்சு நிக்க வச்சேன்.

அரம் போட்டுக்கிட்டே இருந்தேன். ரொம்ப நேரம் ஆச்சு. மனுஷன் வெட்கப்படுறார் போலன்னு நெனச்சு, 'எப்போய்யா ஆரம்பிக்கப் போறீங்க'ன்னு திரும்பினேன். அவர் மூஞ்சியெல்லாம் சிவந்து மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறார். வாசல்ல ஒரு கூட்டம். எதிர்க்கடைக்காரர் கையில கட்டையோட வந்து நிக்கிறார், யாரையோ வெட்டுறாங்கன்னு நெனச்சு. தையல்காரருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. என் தோளைத் தொட்டு என்னமோ சொன்னார். அதுவும் கேட்கலை.

நீ கத்தினே மாப்ளே. நிச்சயமாக் கத்தினே. டாக்டர்கிட்ட நான் சொன்னது தப்பு. உங்கக்காகிட்டயும் சொல்லிடு.

பெரிய கேமுக்கு ஏன் அப்படி நின்னேன்னும் சொல்லிடுறேன். சீரா ஓடுற இன்ஜின் ஓடுதா நின்னுடுச்சான்னே இப்போ எனக்குத் தெரியறதில்லை. விசிறி சுத்துதான்னு பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிறேன். பெரிய கேம் போட்டா பெஞ்சு குலுங்கும், கையை வச்சா தெரியும். அது ஒண்ணாவது தெரியட்டும்னு ஆசைப்பட்டேன். ஓட்டப்போறவன் நீ, கேமை எனக்காகத் தேர்ந்தெடுத்தேன். இவ்வளவுதான் விஷயம்.

பேரை வாபஸ் வாங்காதே. 264 வந்து சேர்ந்தாச்சு. ரெண்டு நாள் முன்னாடி மாட்டிட்டேன். நாலு டிகிரி முன்னாடி தள்ளி வச்சிருக்கேன், கீழ இன்னும் நல்லா இழுக்கும். பிஸ்டன் தலையில களிமண் வச்சு ஒரு சுத்து சுத்தி, வால்வு எங்கேயும் இடிக்கலைன்னு பார்த்தாச்சு. கண்ணுக்கும் விரலுக்கும் வேலை இருக்கிற வரைக்கும் நான் தவறு பண்ண மாட்டேன். ரெண்டாம் கியர்ல போட்டுட்டு மடியில கையை வச்சுக்கிட்டு நீ மேல போய்ச் சேரலாம்.

இப்போ ஒரு சிக்கல். புதுக் கேமை முதல் தடவை ஓட்டும்போது எப்படின்னு உனக்குத் தெரியும். ஸ்டார்ட் பண்ணினதும் ரெண்டாயிரம் சுத்துல பிடிச்சு இருபது நிமிஷம் நிறுத்தாம ஓட்டணும். மெதுவா ஓடவிட்டா எண்ணெய் போதாது, தண்டு தேய்ஞ்சுடும். ஆனா வால்வைத் தள்ளுற டேப்பட்ல ஏதாவது ஒண்ணு தடுமாறினா டக்டக்னு சத்தம் வரும், அந்த நிமிஷமே நிறுத்தணும். விட்டா மொத்தமும் போச்சு, இரும்புத்தூள் இன்ஜின் பூரா ஓடிடும். எல்லாத்தையும் பிரிச்சுக் கழுவி இன்னொரு கேம் போடப் பந்தயத்துக்குள்ள நாள் கிடையாது.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது. பழைய இன்ஜின் ஒண்ணுல ஸ்க்ரூடிரைவரை வச்சுப் பல்லால கடிச்சுப் பார்த்தேன். அதிர்வு வருது, சத்தம் வரலை. தையல்காரரைக் கேட்கலாம்னா அவருக்குத் தையல் மெஷின் சத்தம் தவிர ஒண்ணும் தெரியாது. அந்த இன்ஜினைக் கேட்டுப் பழகின காது வேணும். வர்ற 23-ஆம் தேதி ஞாயித்துக்கிழமை நீ வர முடியுமா? செயின் பக்கமே நீ வர வேண்டாம், வாசல்ல நாற்காலி போடுறேன்.

உங்கக்கா மாடியில துணி மடிச்சுக்கிட்டே 'மூணாவது சிலிண்டர்ல ஏதோ தட்டுது'ன்னு சொல்வா. நான் நம்ப மாட்டேன். பிரிச்சுப் பார்த்தா மூணாவதுதான். சும்மா ஞாபகம் வந்துச்சு, எழுதினேன். கேட்டுச் சொல்லச் சொல்லலை.

செவ்வாய்க்கிழமை காது டாக்டரைப் பார்க்கப் போறேன். இத்தனை நாள் கழிச்சு அவர் என்ன பண்ணப்போறார்னு தெரியலை. போறேன்.

மாமா


மார்ச் 17

உங்களுக்கு,

இந்தத் தடவை தம்பி எதுவும் சொல்லலை. உங்க கடிதத்தை நான்தான் அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். தையல்காரர் கதை வந்ததும் சிரிச்சான். அப்புறம் எழுந்து ஷெட்டுக்குப் போயிட்டான். கியர் சத்தம் ரொம்ப நேரம் வந்துக்கிட்டிருந்தது. ரெண்டாவதுல போட்டுட்டு எடுக்கிற சத்தம் மட்டும்தான்.

பேரை வாபஸ் வாங்கலை. ஆனா ஞாயித்துக்கிழமை அவன் வர மாட்டான். வாசல்ல நாற்காலி போட்டாலும் அந்தச் செயின் கண்ணுல படும், இன்னும் அவனால முடியலை. அதுக்கு நீங்க வருத்தப்பட வேண்டாம், அவனை அவசரப்படுத்தவும் வேண்டாம்.

நான் வர்றேன். காலை முதல் பஸ்ல வந்து சாயங்கால பஸ்ல திரும்பிடுவேன். இன்ஜினுக்காகத்தான் வர்றேன், இதுல வேற கணக்கு எதுவும் போட வேண்டாம். மாடிக்கு வர மாட்டேன். சாப்பாடு நானே கட்டிக்கிட்டு வர்றேன், அந்தத் தொட்டித் தண்ணியில டீ போட்டுக் குடுத்தா குடிக்க மாட்டேன். பிரிச்சு வச்ச கேட்டலாக் ரெண்டையும் அலமாரியில பழைய இடத்துல வைங்க, சும்மா கிடந்தா மூலை மடங்கிடும்.

டாக்டர் என்ன சொன்னார்னு எழுதாதீங்க. நேர்ல சொல்லுங்க. நல்லதா இருந்தாலும் கெட்டதா இருந்தாலும் எனக்கு அழுகை வரும், அதைத் தபால்காரர் முன்னாடி வச்சுக்க முடியாது.

இப்போ முக்கியமான விஷயம், கவனமாப் படிங்க.

வேலை செய்யும்போது நீங்க யார் மூஞ்சியையும் பார்க்கிறதில்லை. எண்ணெய் முள்ளைப் பார்ப்பீங்க, பெல்ட்டைப் பார்ப்பீங்க, செயினைப் பார்ப்பீங்க. அன்னிக்கு ஒரு தடவை தலையைத் திருப்பி அவன் மூஞ்சியைப் பார்த்திருந்தா, காது கேட்காமலே தெரிஞ்சிருக்கும். நான் உங்க மேல வச்சிருந்த கோபமெல்லாம் இப்போ இந்த ஒண்ணுல வந்து நிக்குது. காதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்.

ஞாயித்துக்கிழமை நான் கத்த மாட்டேன். இருபது நிமிஷமும் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இன்ஜினுக்கு அந்தப் பக்கம், உங்களுக்கு நேர் எதிர்ல நிப்பேன். சத்தம் சரியா இருக்கிற வரைக்கும் கை கீழே இருக்கும். மாறினா தூக்குவேன்.

நீங்க இன்ஜினைப் பார்க்காதீங்க. அதை நான் கேட்டுக்கிறேன். நீங்க என்னைப் பாருங்க. நான் கையைத் தூக்கினா நிறுத்துங்க.